விலகிய காரணம்

18-1-1971, திங்கள்

திருச்சி உரக் கம்பெனிக்கு அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. மூன்று பக்கம். எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கிலிருந்து என் உயரம், எடை, இடது கையில் உள்ள மச்சம் வரைக்கும் எழுதியிருந்தேன். முதல் பக்கத்தின் மேலே சிவப்புப் பென்சிலில் இரண்டே வார்த்தை: கையொப்பம் இல்லை.

மூன்று பக்கம் எழுதத் தெரிந்தவனுக்குக் கடைசியில் தன் பெயரைப் போடத் தெரியவில்லை! இருபத்தொன்பது வயசு. மில் ஸ்டோரில் ஏழு வருஷம் ஆயிரம் ரசீதில் கையெழுத்துப் போட்ட கை.

மில்லை விட்டு நாலு மாதம் ஆகிறது.

19-1-1971

வீட்டுக்காரி நாச்சியாரிடம் சொன்னேன். சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

6-2-1971, சனி

இன்று வந்த தபாலை என்னவென்று சொல்வது.

கோயம்புத்தூர் பம்பு கம்பெனிக்காரர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். "தாங்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிய விரும்புவது கண்டு மகிழ்ச்சி. ஆனால் எங்களிடம் தேயிலைத் தோட்டம் எதுவும் இல்லை."

நேரே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சபியுல்லாவின் டைப் கடைக்குப் போனேன். பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதன். எனக்கு எல்லா விண்ணப்பமும் அவன்தான் அடித்துத் தருகிறான். கடிதத்தை அவன் மெஷின் மேல் போட்டேன். படித்தான். படித்துவிட்டு என்னையே பார்த்தான்.

"மாப்ள, நீதானே சொன்ன? போன தடவை வால்பாறை எஸ்டேட்டுக்கு அடிச்சதையே அடி, அட்ரஸ் மட்டும் மாத்துன்னு. நான் அட்ரஸ் மட்டும் மாத்துனேன்."

"உள்ளே தேயிலைன்னு இருக்கே, படிச்சுப் பார்க்கமாட்டியா?"

"நான் அடிக்கிறவன். படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நீ."

ஆமாம். இந்தத் தடவை கையெழுத்துப் போட்டிருந்தேன். அது ஒன்றுதான் சரி.

23-2-1971

தெருவெல்லாம் தேர்தல் ஜீப். ஒலிபெருக்கியில் ஆளுக்கொரு வேலை தருவதாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். எங்கள் செக்காலை வழியாக நாலு தடவை போனார்கள். நாலு தடவையும் ஜன்னலைச் சாத்தினேன்.

9-3-1971, செவ்வாய்

மதுரை. மோட்டார் சாமான் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு நேர்முகம். ஆறு மாதத்தில் கிடைத்த முதல் அழைப்பு. நாச்சியார் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். பஸ்ஸில் உட்காராமல் நின்றுகொண்டே போனேன், கசங்கிவிடும் என்று.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பேரிங் வகைகள் கேட்டார்கள், சொன்னேன். ஒவ்வொரு சாமானுக்கும் வரவு செலவு குறிக்கிற பின் கார்டு எழுதத் தெரியுமா என்றார்கள், தெரியும் என்றேன். அப்புறம் அந்தக் கேள்வி.

"மில்லை ஏன் விட்டீர்கள்?"

"சொந்தக் காரணம், சார்."

"என்ன சொந்தக் காரணம்?"

"தாயாருக்கு உடம்பு சரியில்லை. பக்கத்தில் இருந்து கவனிக்க ஆள் இல்லை."

அவர் என் விண்ணப்பத்தைத் திருப்பினார். ஒரு இடத்தில் விரலை வைத்தார். "தாயார், காலஞ்சென்றவர், 1964 என்று போட்டிருக்கிறீர்களே?"

படிவத்தை நிரப்பியது என் கையெழுத்துதான். நானே, என் கையால், கொட்டை எழுத்தில்.

என்ன பதில் சொன்னேன் என்று இப்போதுகூட நினைவுக்கு வரவில்லை. ஏதோ சித்தி என்றேன் போலிருக்கிறது. அவர் விண்ணப்பத்தை மடித்து, "அனுபவச் சான்றும் இல்லை. சரி, எழுதுகிறோம்" என்றார்.

எழுதமாட்டார்கள். செத்துப்போன அம்மாவுக்குக் காய்ச்சல் வரவைத்தவனுக்கு யார் எழுதுவார்கள்?

திரும்பும்போது உட்கார்ந்து வந்தேன். சட்டை எப்படிக் கசங்கினால் என்ன.

10-3-1971

ஊருக்குப் பொய் சொல்லலாம். இந்த நோட்டுக்குமா?

போன செப்டம்பர். ஸ்டோர் ஆபீஸர் சத்தியமூர்த்தி, வருஷ இருப்புப் பட்டியலை மூன்றாவது தடவை திருப்பிக் கொடுத்தார். எண் எதுவும் தப்பு இல்லை. வரிசை பிடிக்கவில்லையாம். முதலில் பெல்ட், அப்புறம் பாபின், அதற்கப்புறம் எண்ணெய். ஏழு வருஷமாக நான் எழுதுகிற வரிசை அது. "உனக்கு வசதியான வரிசை எனக்கு வேண்டாம், பார்க்கிறவனுக்கு வசதியான வரிசை வேணும்" என்றார். இருப்புப் பதிவேடு என் கையில் இருந்தது. எறிந்தேன்.

அவர் மேல் எறியவில்லை. மேசை மேல்தான் எறிந்தேன். மைக்கூடு கவிழ்ந்து அவர் வெள்ளைச் சட்டை முழுக்க நீலம். பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "வெளியே போ" என்றார். போனேன். மன்னிப்பு எழுதிக் கொடு, சரியாகிவிடும் என்று சங்கத்து ஆட்கள் வீடு தேடி வந்து சொன்னார்கள். முடியாது என்றேன். பத்து நாளில் நீக்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இதை விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

22-4-1971, வியாழன்

திருச்சியில் ஒரு இடம். கடைசித் தேதி இருபது. விளம்பரம் வந்தது மாதத்தின் ஒன்றாம் தேதி. நான் சான்றிதழ் நகல்களைச் சான்றொப்பத்துக்கு எடுத்துக்கொண்டு போனது பத்தொன்பதாம் தேதி மத்தியானம். பச்சை மைப் பேனாக்காரர் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். இன்றுதான் வந்தார், இன்றுதான் போட்டார்.

அவர் மேல் என்ன குற்றம்? பதினெட்டு நாள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

இருந்தாலும் அனுப்பினேன். தாமதத்தை மன்னிக்கவும் என்று தனியாக ஒரு பக்கம் வேறு.

16-5-1971, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

விண்ணப்பத்தை முதலில் தமிழில் எழுதி, அப்புறம் சபியுல்லாவைக் கொண்டு இங்கிலீஷ் ஆக்குவது வழக்கம். அந்தத் தமிழ் நகல் பாயில் கிடந்தது. நாச்சியார் எடுத்துப் படித்தாள். எட்டாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டாமல் படிப்பாள்.

"அப்பா தவறிட்டாருன்னு எழுதியிருக்கீக. வாடகை வீடுன்னு எழுதியிருக்கீக. கைக்குழந்தையோட கஷ்டப்படுறோம், ஆண்டவன் உங்களுக்கு நல்லது செய்வான்னு எழுதியிருக்கீக."

"ஆமா, அதுக்கென்ன?"

"உங்களுக்கு என்ன வேலை தெரியும்னு ஒரு வரி இல்லையே. எட்டாயிரம் சாமான்ல எது எந்த அலமாரி, எந்தத் தட்டுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வீகளே. அதை எழுதலையா?"

எனக்கு எங்கிருந்து வந்தது அவ்வளவு கோபம்? உனக்கு என்னடி தெரியும், எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கியிருக்க நீ, என்று கத்தினேன். காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்தேன். கையில் இருந்த பேனாவையும் சுவரில் எறிந்தேன்.

பொன்னழகு ஓடிப்போய் அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. இரண்டு வயசுக் குழந்தை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றது.

17-5-1971

யாரும் யாருடனும் பேசவில்லை.

20-5-1971

நாச்சியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருப்பத்தூரில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "பத்து நாள் இருந்துட்டு வாரேன்" என்றாள். டிரங்குப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். பத்து நாளைக்கு யாராவது டிரங்குப் பெட்டி எடுத்துப் போவார்களா?

6-6-1971, ஞாயிறு

பதினேழு நாள் ஆகிவிட்டது. முதலில் கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதிவிட்டுப் படித்தால், என் நிலைமையைக் கருணையுடன் பரிசீலித்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று இருக்கிறது. பெண்டாட்டிக்கு! கிழித்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

மச்சான் சோணை, "வாங்க மச்சான், சாப்பிடுறீகளா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. நாச்சியார் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"எப்ப வார?"

"பாப்பா நல்லாத் தூங்குது இங்குட்டு."

"அங்க தூங்கலையா?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "வேலை இல்லைன்னு நான் வரலை. கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். நீங்க அந்த மில்லு ஆபீஸர் மேல உள்ள கோபத்தை வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கீக. அவரு இருக்கிற வீட்டுல நானும் பாப்பாவும் எப்படி இருக்கிறது?"

மோரைக் குடிக்காமலே வந்துவிட்டேன். அதுவும் ஒரு கோபம்தானே. பஸ்ஸில்தான் உறைத்தது.

14-6-1971, திங்கள்

தேவகோட்டை ரஸ்தாவில் புதிதாக டிராக்டர் உதிரிபாகக் கிடங்கு திறக்கிறார்கள். ஸ்டோர் கீப்பர் தேவை.

ஒரே பக்கம் எழுதினேன். அப்பா இல்லை, ஆண்டவன் இல்லை, மச்சம் இல்லை. எத்தனை வகைச் சாமான் பார்த்தேன், எப்படி அடுக்கினேன், எலியிடமிருந்து பெல்ட் கட்டுகளை எப்படிக் காப்பாற்றினேன், ஒரு பொருளைத் தேட என் ஸ்டோரில் எத்தனை நிமிஷம் ஆகும். அவ்வளவுதான். நாச்சியார் சொன்னதுதான். அவளிடம் காட்டத்தான் ஆள் இல்லை.

சபியுல்லா அடித்து முடித்துவிட்டு, கூட வைக்கிற அச்சடித்த விண்ணப்பப் படிவத்தை மெஷினில் செருகிக் கேட்டான். "மாப்ள, ஒன்பதாவது கட்டத்துல என்ன போடட்டும்? விலகிய காரணம்."

"கோடு போடு."

"கோடு போட்டா கேப்பாங்க."

"போடுறா."

9-7-1971, வெள்ளி

அழைப்பு வந்துவிட்டது. இருபத்தொன்றாம் தேதி. கீழே கையால் எழுதியிருக்கிறார்கள்: "ஒன்பதாவது கட்டத்தைப் பூர்த்தி செய்து கொண்டுவரவும். மில் அனுபவச் சான்று அசலுடன் வரவும். சான்று இல்லாதவர்கள் வர வேண்டாம்."

சான்று இல்லாதவர்கள் வர வேண்டாம். இதைவிடத் தெளிவாக யார் எழுதுவது.

12-7-1971

மில் வாசல் வரைக்கும் சைக்கிளில் போனேன். திரும்பி வந்தேன். இன்று காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. வாட்ச்மேன் இரண்டாவது தடவை சல்யூட் அடித்தார். இரண்டு தடவையும் டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

14-7-1971, புதன்

உள்ளே போனேன்.

சத்தியமூர்த்தி மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார். எனக்குத் தெரிந்த ஆட்களெல்லாம் அந்தப் பக்கம் போனார்கள், வந்தார்கள். ஒருவர் தலையாட்டினார். மற்றவர்கள் அவசரமாக இருந்தார்கள். இரண்டு தடவை எழுந்துவிட்டேன், போய்விடலாம் என்று. நாச்சியார் மோர்ச் செம்புடன் நின்றது கண்ணில் வந்தது. உட்கார்ந்தேன்.

சத்தியமூர்த்தி கூப்பிட்டார். ஏழு வருஷம் என்னை நீ என்றவர், இன்று, "என்ன வேணும் உங்களுக்கு?" என்றார்.

"அனுபவச் சான்று வேணும், சார்."

எழுந்து போய் பீரோவைத் திறந்தார். ஒரு பழுப்பு உறையை என் முன்னால் போட்டார். பதிவுத் தபால். மேலே என் பெயர், செக்காலை விலாசம். குறுக்கே தபால்காரர் எழுத்து: வாங்க மறுத்தார். திருப்பி அனுப்பவும்.

நினைவு இருக்கிறது. போன அக்டோபர். மில் முத்திரையைப் பார்த்ததும், குற்றப்பத்திரிகை ஏதோ அனுப்பியிருக்கிறான், தொடமாட்டேன் என்று தபால்காரரை வாசலோடு அனுப்பினேன். அன்று வீரமாகக்கூட இருந்தது.

உறையைப் பிரித்தேன். அனுபவச் சான்று. தேதி 28-9-1970. ஒன்பதரை மாதமாக இந்த பீரோவில் கிடக்கிறது. நான் திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் என்று இது இல்லாமல் அலைந்திருக்கிறேன்!

"எல்லாருக்கும் அனுப்புறதுதான். உங்களுக்கும் அனுப்பினோம்" என்றார்.

மன்னிப்பு கேட்கலாம் என்று மூன்று மணி நேரமாக வாக்கியம் கட்டி வைத்திருந்தேன். எல்லாம் போய், "அன்னைக்குச் செஞ்சது தப்பு சார்" என்று மட்டும்தான் வந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கோப்பில் ஏதோ எழுதிக்கொண்டே, "அன்னைக்கே இதை எழுதிக் குடுத்திருந்தா மூணு நாள் சஸ்பென்ஷனோட போயிருக்கும். சரி, கிளம்புங்க. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க" என்றார்.

மன்னித்தாரா, இல்லையா? தெரியவில்லை. அடுத்த ஆளை வரச் சொன்னேன்.

15-7-1971

சான்றில் "மெட்டிக்குலஸ்" என்று ஒரு வார்த்தை. வசவோ என்று பயந்து சபியுல்லாவிடம் காட்டினேன். அகராதியைப் புரட்டினான்.

"சின்னச் சின்ன விஷயத்தைக்கூட விடாம கவனமாப் பாக்கிறவன்னு போட்டிருக்கு மாப்ள." என்னை ஏற இறங்கப் பார்த்தான். "கையெழுத்தில்லாம விண்ணப்பம் அனுப்புன ஆளைப் போயி."

அவன் மேல் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான்.

18-7-1971, ஞாயிறு

திருப்பத்தூர். குழந்தை என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை, ஓடி ஒளியவும் இல்லை.

நாச்சியாரிடம் சான்றை நீட்டினேன். இங்கிலீஷ், அவளுக்குப் படிக்கத் தெரியாது. எங்கே கிடைத்தது என்று கேட்டாள். சொன்னேன். உறை, வாங்க மறுத்தார், பெஞ்சு, எல்லாம்.

"நீங்க போனீகளா? நீங்களா அவர்கிட்டப் போயிக் கேட்டீக?"

"ஆமா."

"கத்தலையா?"

"கத்தலை."

உள்ளே போனாள். அண்ணியிடம் ஏதோ சொல்வது கேட்டது. டிரங்குப் பெட்டியை இழுக்கிற சத்தமும் கேட்டது. சாயங்கால பஸ்ஸில் மூன்று பேரும் வந்துவிட்டோம்.

அந்தப் பெட்டிக்குள் என்னதான் வைத்திருக்கிறாளோ, தோள்பட்டை இறங்கிவிட்டது எனக்கு.

21-7-1971, புதன்

நேர்முகம். ஒன்பதாவது கட்டத்தில் எழுதிக் கொண்டுபோனேன்: "மேலதிகாரியிடம் கோபப்பட்டுப் பதிவேட்டை எறிந்தேன். நீக்கப்பட்டேன். தவறு என்னுடையது."

மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் படித்து அடுத்தவருக்குத் தள்ளினார். அவர் படித்து அதற்கடுத்தவருக்கு. யாரும் சிரிக்கவில்லை, யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. சாமான்களைப் பற்றி அரை மணி நேரம் கேட்டார்கள். ஒன்றுக்கும் தடுமாறவில்லை.

11-8-1971

"வருந்துகிறோம்."

12-8-1971

பொய் சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள். உண்மை சொன்னால் வருந்துகிறார்கள். என்னதான்யா எழுதச் சொல்றீங்க அந்தக் கட்டத்துல?

நாச்சியார், "சும்மா இருங்க. அது ஒரு கம்பெனி" என்றாள். தோட்டத்துப் பக்கம் போய்த் தலையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். குழந்தை பார்த்துக்கொண்டே இருந்தது. தனக்கும் ஊற்றச் சொன்னது.

2-9-1971

அதே ஒரு பக்கம், அதே ஒன்பதாவது கட்டம். ஏழு இடத்துக்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடிக்கச் சொன்னேன். அடித்ததை வரிக்கு வரி படித்தேன். கையெழுத்தை இரண்டு தடவை பார்த்தேன். சபியுல்லாவுக்கே பொறுமை போய்விட்டது. "போதும் மாப்ள, கடையைச் சாத்தணும்."

27-9-1971, திங்கள்

காரைக்குடியிலேயே ஒரு பஸ் கம்பெனி. ஒர்க்‌ஷாப் ஸ்டோருக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். முதலாளி தங்கச்சாமி ஒரு பஸ்ஸுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். கையெல்லாம் கிரீஸ். விண்ணப்பத்தைத் தொடாமல், என்னையே பிடிக்கச் சொல்லிப் படித்தார்.

"பதிவேட்டையா எறிஞ்ச?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"மூணாவது தடவை மாத்தி எழுதச் சொன்னாருங்க."

"இங்க எல்லாம் இரும்பு. ஸ்பிரிங் பட்டை, கியர் சக்கரம். எறியிறதுன்னா யோசிச்சு எறிஞ்சுக்க."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் ஸ்டோர் கதவைத் திறந்து காட்டினார். ஐயோ. பிரேக் டிரம்மும் ஹெட்லைட்டும் ஒரே குவியல். நடுவில் ஒரு கோழி முட்டை போட்டு வைத்திருந்தது.

"நாலு மாசம் பார்ப்போம். நாளைக்கு வந்துரு."

கோழியை என்ன செய்வது என்று கேட்டேன். அது சமையல்காரனுடையது, தொடாதே என்றார்.

8-1-1972, சனி

இதற்கு மேல் என்னால் முடியாது. காலையில் எங்கள் கம்பெனி பஸ்ஸே எனக்கு நிற்காமல் போகிறது. டிரைவருக்குக் கையைக் காட்டினேன், அவன் திருப்பிக் கையைக் காட்டிவிட்டுப் போகிறான். நடந்து போய்ச் சேர்ந்தேன். நேற்று எண்ணி வைத்த நட்டு போல்ட் டப்பா இரண்டை மெக்கானிக்குகள் சொல்லாமல் எடுத்துவிட்டார்கள். கேட்டால், "சீட்டு எழுத நேரமில்லை சார்." யாரிடமும் கத்தவில்லை. டப்பா ஒவ்வொன்றாகத் திறந்து திரும்ப எண்ணினேன். அதற்குள் மத்தியானம் போய்விட்டது. தூக்குச்சட்டியைத் திறந்தால் ஆறிய புளிச்சோற்றில் உப்பே இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். "நாளையிலேருந்து நீங்களே கிண்டிக்கிட்டுப் போங்க" என்கிறாள் நாச்சியார். பொன்னழகு என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சட்டைப் பையிலிருந்து ஸ்டோர் சாவியை எடுத்து வாயில் வைக்கிறது. கிரீஸ், கிரீஸ் என்றால் கேட்கிறதா.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. முதலாளி நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்.